முந்தி நிற்கும் அணி ஆளை மாற்றுவது ஏன்?

கால்பந்தாட்டம் கால்களால் ஆடப்படுவதேயெனினும், அதன் வெற்றியும் தோல்வியும் கால்களை மட்டும் பொறுத்தவையல்ல. களத்தினுள் பதினொருவர் ஓடியாடிக்கொண்டிருக்க, எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒருவர் நின்று கடிகாரத்தையும் களத்தையும் மாறி மாறி நோக்கிக்கொண்டிருப்பார். அவரே மானேஜர் என வழங்கப்பெறும் அணித்தலைமையாளர். ஆட்டம் தொடங்கியபின் அவர் கூவிச் சொல்வது ஆரவாரத்தில் பாதி கரைந்துபோகும். அவர் கையில் உறுதியாக எஞ்சியிருக்கும் அதிகாரம் ஒன்றே. உள்ளே ஆடும் ஒருவரை வெளியே அழைத்து, வெளியே காத்திருக்கும் ஒருவரை உள்ளே அனுப்புவதே அது.

இவ்வதிகாரத்தை அவர் பலவிதமாகப் பயன்படுத்துகிறார். அணி பின்தங்கும்பொழுது கோல் அடிக்க வல்லாரை அனுப்புவது யாவர்க்கும் எளிதில் விளங்கும். ஆயின் அணி முந்தி நிற்கும்பொழுது, நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் முன்களத்து வீரர் ஒருவரை அழைத்துக்கொண்டு, காக்கும் தொழிலில் வல்ல ஒருவரை அவர் அனுப்புவதுமுண்டு. அப்பொழுது பார்ப்போருள் முணுமுணுப்பு எழுகின்றது. வெல்லும் அணியைக் கலைப்பானேன் என்பர் சிலர். இது கோழைத்தனம் என்பர் வேறு சிலர். இம்மாற்றத்தின் காரணங்கள் யாவை, அதற்குக் கொடுக்கும் விலை யாது, அதைச் செய்தவரை நாம் எங்ஙனம் மதிப்பிடவேண்டும் என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் இவ்வுரிமையின் வரலாற்றை அறிதல் நலம். நெடுங்காலம் வரை பெரும் போட்டிகளில் மாற்று ஆட்டக்காரர் என்பதே இல்லை. தொடங்கிய பதினொருவரே முடிக்கவேண்டும். 1956ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் ஸிட்டி அணி 3–1 என முந்தி நின்றது. அதன் கோல் காவலர் பெர்ட் டிரவுட்மன், எதிரியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பற்றியபோது கழுத்தில் அடிபட்டார். அவருக்குப் பதிலாக அனுப்ப ஒருவருமில்லை. தலை சுழல, கழுத்து நோவ, எஞ்சிய பதினைந்து நிமிடங்களுக்கு மேலாக அவரே நின்று கோலைக் காத்தார். அவர் கழுத்தெலும்பு முறிந்திருந்தது சில நாட்களுக்குப் பின்னரே தெரியவந்தது. முந்தி நின்ற அணி தன் முன்னிலையைக் காக்க அன்று கைக்கொள்ளக்கூடிய வழி ஒருவரது சகிப்புத்தன்மையேயாகும்.

பின்னர் 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீக் போட்டிகளில், காயமுற்றவருக்குப் பதிலாக ஒருவரை அனுப்பலாம் என்று விதி செய்தனர். இரண்டாண்டுகள் கழித்து, காயமில்லாதபோதும் மாற்றலாம் என்றாயிற்று. உலகக் கோப்பைப் போட்டியில் இவ்வுரிமை 1970ஆம் ஆண்டு மெக்ஸிகோவில் முதன்முதல் வழங்கப்பட்டது. ஓர் ஆட்டத்திற்கு இருவர் என்பது அன்றைய கணக்கு. அது பிற்காலத்தில் மூவராயிற்று. 2020இல் கொள்ளைநோயின் காரணமாகத் தற்காலிகமாக ஐவர் என உயர்ந்து, 2022இல் பெரும் போட்டிகளுக்கு நிலையான விதியாயிற்று. ஆயினும் ஆட்டம் அடிக்கடி தடைப்படாதிருக்கும்பொருட்டு, இடைவேளை நீங்கலாக, மூன்று தடவைகளுக்குள்ளேயே இவ்வைந்து மாற்றங்களையும் செய்து முடித்தல் வேண்டும். ஆகவே, முன்பு உடலின் விபத்துக்கு மருந்தாகத் தோன்றிய ஓர் உரிமை, இன்று அறிவின் கருவியாக வளர்ந்திருக்கிறது.

இனிக் காரணங்களை நோக்குவோம்.

முதலாவது, எளிய கணக்கு ஒன்றுண்டு. இருபது நிமிடங்கள் எஞ்சியிருக்க, நம் அணி ஒரு கோல் முந்தி நிற்கின்றது எனக் கொள்வோம். நாம் இன்னுமொரு கோல் அடித்தால், கையிலுள்ள வெற்றி இன்னும் உறுதிப்படும், அவ்வளவே. எதிரி ஒரு கோல் அடித்தாலோ, கையிலிருந்த வெற்றியே நழுவிவிடும். ஆகவே அந்நேரத்தில் அடிக்கும் கோலின் மதிப்பும் வாங்கும் கோலின் மதிப்பும் சமமல்ல. இரு திறத்தாருக்கும் கோல் அடிக்கும் வாய்ப்பு ஒருங்கே பாதியாகக் குறையுமாறு ஆட்டத்தை மாற்ற முடியுமாயின், அது முந்தி நிற்பவனுக்கே இலாபம். ஏனெனில் ஒன்றும் நிகழாமல் நேரம் கழிவதே அவனுக்கு வெற்றி. அன்றியும், இங்கிலாந்தின் லீக் போட்டிகளில் 1981ஆம் ஆண்டு முதல் வெற்றிக்கு இரண்டு புள்ளிகளுக்குப் பதிலாக மூன்று புள்ளிகள் அளிக்கப்படுகின்றன. சமநிலைக்கு முன்போலவே ஒன்றே. முன்னாளில் வெற்றியைச் சமநிலையாக நழுவவிட்டவன் ஒரு புள்ளியை இழந்தான். இன்றோ இரண்டை இழக்கின்றான். ஊக்கத்துடன் தாக்கி ஆடவேண்டும் என்னும் கருத்துடன் செய்த அவ்விதியே, முந்தி நிற்பவன் தன் முன்னிலையை இறுகப் பற்றிக்கொள்வதற்கும் காரணமாயிற்று.

இரண்டாவது காரணம் களைப்பு. தாக்குதலில் களைத்தவனால் விளையும் தீங்கு, ஒரு வாய்ப்பு வீணாவதோடு ஒழியும். காவலில் களைத்தவன் ஓரடி பிந்தினாலும் கோல் விழும். நடுக்களத்தில் ஓடி ஓடி எதிரியை மறிப்போரும், இரு ஓரங்களிலும் மேலும் கீழும் ஓடுவோரும் எழுபதாம் நிமிடத்திற்குமேல் தளர்வதைக் காணலாம். எதிரி அணியின் மானேஜர் அவ்வேளையில்தான் தம் புதிய கால்களை உள்ளே அனுப்புவார். களைத்த காலுக்கு எதிராகக் களைத்த காலை நிறுத்தலாம். புதிய காலுக்கு எதிராக அதனை நிறுத்துவது ஆகாது. எனவே முந்தி நிற்கும் அணியின் மாற்றங்களிற் பல, தாக்குபவரை நீக்கிக் காப்பவரைச் சேர்ப்பவையல்ல. களைத்தவர் தொழிலையே களைக்காதவரிடம் ஒப்படைப்பவை. மிகச் சிறந்த மாற்றங்கள் பெரும்பாலும் இவ்வகையினவே.

மூன்றாவது, அணிவகுப்பு. பின்தங்கிய அணி, நேரம் செல்லச்செல்ல முன்களத்தில் ஆட்களைப் பெருக்கும்; இரு ஓரங்களிலிருந்தும் பந்தை உயரத் தூக்கிக் கோலின்முன் போடும். அதற்கு விடையாக, பின்களத்தின் நடுவில் ஒருவரைக் கூட்டுவர்; அல்லது தாக்குதலில் மட்டும் நாட்டமுடைய ஓரத்து வீரரை நீக்கி, எதிரியின் ஓரத்து வீரரைத் தொடர்ந்து ஓடக்கூடியவரை நிறுத்துவர். உயரமும் இங்கே கணக்கில் வரும். 2014ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி, ரியோ நகரின் மாரகானா அரங்கில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் 113ஆம் நிமிடத்தில் மரியோ கோட்ஸே அடித்த கோலால் ஜெர்மனி அர்ஜென்டீனாவை முந்திற்று. 120ஆம் நிமிடத்தில் அவ்வணியின் மானேஜர் யோவாகிம் லோவ், நுட்பமாகப் பந்தைக் கடத்துவதில் வல்லவரான ஓஸிலை அழைத்துக்கொண்டு, இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரமுடைய மெர்ட்டஸாக்கரை அனுப்பினார். இறுதிக் கணங்களில் பந்து வானத்திலிருந்தே வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். கோப்பை ஜெர்மனிக்கே சென்றது.

நான்காவது, தண்டனை அபாயம். மஞ்சள் அட்டை ஒன்று பெற்ற வீரர் இன்னொன்று பெற்றால் வெளியேறவேண்டும். அவருக்குப் பதிலாள் கிடையாது. பதின்மராய் நின்று முன்னிலையைக் காத்தல் அரிது. ஆதலின் அத்தகையவரை, அவர் எத்துணை நன்றாக ஆடினும், உரிய காலத்தில் அழைத்துக்கொள்வது முன்யோசனையேயாம்.

ஐந்தாவது, காலம். மாற்றம் நிகழும்போது ஆட்டம் நிற்கின்றது. எதிரியின் வேகம் முறிகின்றது. காவலர் மூச்சு வாங்குகின்றனர். வெளியேறுபவர் கைதட்டிக்கொண்டு மெல்ல நடந்து செல்லும் காட்சியை முன்னாளில் அடிக்கடி கண்டோம். 2019ஆம் ஆண்டில், வெளியேறுபவர் தமக்கு மிக அருகிலுள்ள எல்லைக்கோட்டின் வழியே செல்லவேண்டும் என்று விதித்து, இத்தந்திரத்தைப் பெரிதும் குறைத்தனர். கழிந்த நேரத்தை நடுவரும் இறுதியில் கூட்டித் தருகின்றார். ஆகவே கடிகாரத்தில் கிட்டும் இலாபம் சிறிதே. எதிரியின் ஆவேசம் தணிவதால் கிட்டும் இலாபமே பெரிது.

இவ்வளவு நியாயங்கள் இருக்க, இம்மாற்றத்தால் அணிகள் இடருற்றதும் ஏன்? இதற்குக் கொடுக்கவேண்டிய விலை ஒன்றுண்டு என்பதே விடை. ஓர் அணியின் தாக்கும் வீரன், கோல் அடிப்பதற்கு மட்டும் பயன்படுபவனல்லன். அவன் முன்னே நிற்கும்வரை, எதிரிகளில் இருவரோ மூவரோ அவனுக்காகப் பின்னே நின்றாகவேண்டும். அவன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கணமும் எதிரி தாக்க முடியாத கணமாகும். அவன் வெளியேறினால், அவனுக்கு அஞ்சி நின்றவர்கள் அச்சம் நீங்கி முன்னேறுவர். காவலுக்கு ஒருவரைக் கூட்டிய நாம், எதிரியின் தாக்குதலுக்கு இருவரை நாமே கூட்டிக் கொடுத்தவராவோம். வேலியைத் தடிப்பாக்குவதற்காகக் காவல்நாயை விற்றுவிட்டதற்கு இது ஒப்பாகும்.

இதனை விளக்குதற்கு, 1970ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி மெக்ஸிகோ நாட்டின் லெயோன் நகரில் நடந்த உலகக் கோப்பைக் காலிறுதி ஆட்டத்தைப்போல் ஏற்றது பிறிதில்லை. நடுப்பகல் வெயில், கடல் மட்டத்திற்கு மிக உயர்ந்த நாடு. நான்காண்டுகளுக்குமுன் கோப்பையை வென்ற இங்கிலாந்தும், அன்று தோற்ற மேற்கு ஜெர்மனியும் மீண்டும் எதிர்நின்றன. இங்கிலாந்தின் பெயர்பெற்ற கோல் காவலர் கார்டன் பாங்க்ஸ் நோயுற்றதால் பீட்டர் பொனெட்டி அவரிடத்தில் நின்றார். 31ஆம் நிமிடத்தில் முல்லரியும், இடைவேளைக்குப்பின் 49ஆம் நிமிடத்தில் பீட்டர்ஸும் கோல் அடிக்க, இங்கிலாந்து 2–0 என முந்திற்று.

ஜெர்மனியின் மானேஜர் ஹெல்முட் ஷோன் அப்பொழுது ஒரு மாற்றம் செய்தார். கிராபோவ்ஸ்கி என்னும் விரைந்தோடும் ஓரத்து வீரரை அனுப்பினார். வெயிலில் ஓடிக் களைத்திருந்த இங்கிலாந்தின் இடப்பக்கக் காவலர் டெர்ரி கூப்பருக்கு எதிரே, ஓட்டம் சிறிதும் குன்றாத அவர் வந்து நின்றார். அப்பக்கமிருந்து அபாயம் வளர்ந்தது. 68ஆம் நிமிடத்தில் பெக்கன்பௌவர் ஒரு கோலைத் திருப்பினார்.

இங்கிலாந்தின் மானேஜர் ஸர் ஆல்ப் ராம்ஸே, 70ஆம் நிமிடத்தில் பாபி சார்ல்டனை அழைத்துக்கொண்டு காலின் பெல்லை அனுப்பினார். சார்ல்டனுக்கு வயது 32. அது இங்கிலாந்துக்காக அவர் ஆடிய 106ஆவது ஆட்டம். மூன்று நாட்களில் அரையிறுதி ஆட்டம் வரவிருந்தது. அதற்காக அவரது வலிமையைச் சேமிக்கவேண்டும் என்பதும் ராம்ஸேயின் எண்ணம். ஆயின் 1966ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தைப்போலவே, அன்றும் சார்ல்டனும் பெக்கன்பௌவரும் ஒருவரையொருவர் கட்டிப்போட்டிருந்தனர். சார்ல்டன் வெளியேறவே பெக்கன்பௌவர் விடுபட்டார். பின்னர், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், பீட்டர்ஸையும் அழைத்துக்கொண்டு, காவலில் உறுதியான நார்மன் ஹண்டரை ராம்ஸே அனுப்பினார். அடுத்துச் சிறிது நேரத்திற்குள், கோலுக்குப் புறங்காட்டி நின்ற ஊவே ஸீலர் தலையின் பின்புறத்தால் தட்டிய பந்து, பொனெட்டியின் தலைக்கு மேலாகச் சென்று வலையில் விழுந்தது. சமநிலை. கூடுதல் நேரம் தொடங்கியது. இங்கிலாந்து தனக்குரிய இரண்டு மாற்றங்களையும் முடித்துவிட்டது. களைத்த கூப்பருக்குத் துணையாக அனுப்ப ஒருவருமில்லை. 108ஆம் நிமிடத்தில் கெர்ட் ம்யூல்லர் அடித்த கோலால் ஜெர்மனி 3–2 என வென்றது. சார்ல்டன் அதன்பின் தம் நாட்டுக்காக ஆடவேயில்லை.

இவ்வாட்டத்தை முன்னிட்டு ராம்ஸேயைப் பல்லாண்டுகள் பழித்தனர். அப்பழி முழுதும் நியாயமானதா? மாற்றத்தின் காரணமாகவே கோல்கள் விழுந்தன என்று சொல்வோர், முதற்கோல் விழுந்தபொழுது சார்ல்டன் களத்திலேயே இருந்தார் என்பதை மறந்துவிடுகின்றனர். 2–1 என நின்றபொழுது, உள்ளே வந்த பெல் தந்த பந்தை ஹர்ஸ்ட் தலையால் முட்ட, அது கம்பத்தை ஒட்டி வெளியே சென்றது. அது சிறிது உட்புறம் சாய்ந்திருப்பின் 3–1. மாற்றியவர் மதியூகி என்று புகழப்பட்டிருப்பார். ஆகவே அவரைக் குறைகூறுவதாயின், முடிவைக்கொண்டன்று. அவர் அந்நேரத்தில் அறிந்திருக்கக்கூடியவற்றைக்கொண்டே குறைகூறவேண்டும். அங்ஙனம் நோக்குமிடத்து, குறைகள் இரண்டு தென்படுகின்றன. நெருப்பு எங்கே பற்றியதோ அங்கே நீரை ஊற்றாமல் வேறிடத்தில் ஊற்றினார். களைத்தவர் கூப்பர், மாற்றப்பட்டவர் சார்ல்டன். மேலும், இன்றைய ஆட்டம் முடியுமுன்னரே அடுத்த ஆட்டத்திற்கான சேமிப்பைத் தொடங்கினார். இவ்விரண்டும் உண்மைக் குறைகள். ஸீலரின் தலையில் பட்ட பந்து எங்கே விழுந்தது என்பது அவர் குறையன்று.

இவ்வுண்மையைப் பிற்கால ஆட்டங்களும் வலியுறுத்துகின்றன. 1999ஆம் ஆண்டு மே 26ஆம் தேதி, பார்ஸலோனா நகரில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன் அணிகளின் இறுதி ஆட்டத்தில், ஜெர்மனியின் பாயர்ன் ம்யூனிக் அணி 6ஆம் நிமிடம் முதல் 1–0 என முந்தி நின்றது. 80ஆம் நிமிடத்தில், 38 வயதான மாத்தேயுஸை அழைத்துக்கொண்டு ஃபிங்க் என்பவரை அனுப்பினர். களைத்த முதியவருக்குப் பதிலாகப் புதியவரை அனுப்பியதில் பிழை காண்பது அரிது. கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் அவ்வணி அடித்த பந்து ஒருமுறை கம்பத்திலும் ஒருமுறை குறுக்குச் சட்டத்திலும் பட்டு மீண்டது. ஆயினும் குறித்த 90 நிமிடம் கழிந்தபின், இரண்டு கார்னர்களிலிருந்து மான்செஸ்டர் யுனைட்டெட் அணி இரண்டு கோல்களை அடித்துக் கோப்பையைக் கொண்டுசென்றது. அடித்த ஷெரிங்ஹாமும் ஸோல்ஷயரும் பின்தங்கிய அணியின் மாற்று ஆட்டக்காரர்கள். முதற்கோலின்போது பந்தை அகற்ற முயன்ற ஃபிங்க்கின் உதை தவறிற்று. நூறு தடவை ஆடினால் பெரும்பாலும் வெல்லக்கூடிய நிலையை நூற்றில் ஒன்று தோற்கடித்தது எனலாம்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி, கத்தார் நாட்டின் லுஸெய்ல் அரங்கில் இதற்கு மறுதலையாக நிகழ்ந்தது. அர்ஜென்டீனா 2–0 என முந்தியிருக்க, பிரான்ஸ் அணியை இடப்பக்க ஓரத்தில் அலைக்கழித்த டி மரியாவை 64ஆம் நிமிடத்தில் அழைத்துக்கொண்டு, காவலில் வல்ல அகூன்யாவை அனுப்பினர். அச்சுறுத்தியவர் நீங்கவே பிரான்ஸ் தைரியங்கொண்டு முன்னேறிற்று. 80, 81ஆம் நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல்களை அடித்துச் சமன்செய்தார். இறுதியில் 3–3 என முடிந்து, பெனால்டி உதைகளில் 4–2 என்று அர்ஜென்டீனாவே வென்றது. வென்றமையால் அம்மாற்றத்தைப் பழித்தார் சிலரே. லெயோனில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, செய்கையில் மிகச் சிறிது. முடிவில் மிகப் பெரிது.

இவற்றால் பெறப்படுவது யாது? முன்னிலையைக் காக்கும் மாற்றத்தைச் செய்வோர் மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். அபாயம் எப்பக்கமிருந்து வருகின்றது? அப்பக்கத்தை இம்மாற்றம் வலுப்படுத்துமா? இதனால் எதிரிக்கு நம்மிடம் உள்ள அச்சம் நீங்கிவிடுமா? முதலிரண்டு கேள்விகளுக்குத் தக்க விடை கிடைத்து, மூன்றாவதற்கும் பரிகாரம் இருக்குமாயின், அவர் தயங்கவேண்டியதில்லை. விரைந்தோடும் ஒருவரையேனும் முன்களத்தில் விட்டுவைப்பதும், மாற்றங்களில் ஒன்றையேனும் இறுதிவரை கையிருப்பில் வைத்துக்கொள்வதும் அப்பரிகாரங்களாம்.

பார்ப்போராகிய நமக்கும் இதில் ஒரு பாடமுண்டு. முடிவு தெரிந்தபின் அறிவாளியாவது எளிது. நம் கல்லூரி மைதானத்திலும், வெளியே அழைக்கப்பெற்ற மாணவன் தலைகுனிந்து வருவதையும், அழைத்தவர்மீது கூட்டம் சினந்து கூவுவதையும் காணலாம். அழைக்கப்பெற்றவன் தாழ்த்தப்பட்டவனல்லன், தன் பங்கைச் செய்து முடித்து, அதைக் களைப்பில்லாத தோழன் ஒருவனிடம் ஒப்படைத்து வருபவன். அழைத்தவரோ, அடுத்த கணத்தில் என்ன நிகழும் என்பதை அறியாமலே, அறிந்தவற்றைக்கொண்டு துணிந்தவர். அத்துணிவை, பந்து எங்கே விழுந்தது என்பதைக்கொண்டு அளப்பது எளிது. அது எவ்வாறு ஆராயப்பட்டது என்பதைக்கொண்டு அளப்பதே நீதி.